போஷகராவதற்கு முன் மூன்று ஆட்டங்கள்

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று வாகனங்கள் மொன்றியலிலிருந்து நாற்பதாம் நெடுஞ்சாலையால் துரோவா-ரிவியேர் நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. முன்னால் போன வாகனத்தை ஓட்டிய தேவதாசன் அந்தப் பருவத்தில் நாற்பத்தொரு தடவை மட்டையைத் தூக்கிக்கொண்டு பந்துக்கு முன்னால் போய் நின்றவர். ஒரு தடவைகூட ஹிட் அடிக்கவில்லை. அவர் இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. எண்ணியது பின் சீற்றில் இருந்த மகள் அனோஜினி. லவாலில் மருந்தாளராக வேலை செய்கிறவள். குளிசை எண்ணுகிற அதே கவனத்தோடு அப்பாவின் பூச்சியங்களையும் எண்ணி, கழகத்தின் ஸ்கோர் புத்தகத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தாள்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பந்தில் மட்டை பட்டுவிட்டால் மட்டும் அது ஹிட் ஆகிவிடாது. அடித்துவிட்டு ஓடி, எதிரணியின் கைத்தவறு எதுவும் இல்லாமல், பந்து வந்து சேர முன், நிலத்தில் பதித்திருக்கும் சதுரமான முதலாம் பேஸைக் காலால் மிதிக்க வேண்டும். தேவதாசனின் மட்டையிலும் அவ்வப்போது பந்து பட்டதுதான். பட்டதெல்லாம் யாரோ ஒருவருடைய கையுறைக்குள் நேராகப் போய் விழுந்தது, கடிதம் சரியான விலாசத்துக்குப் போவது போல.

கழகத்தின் பெயர் நீர்நாய்கள். வேறு எந்த மிருகத்தைச் சொன்னாலும் கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு ஒரு கருத்து இருந்தது. நீர்நாயைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் கருத்து இருக்கவில்லை. ஆட்கள் எல்லாரும் ஒரே பங்குக் கோயில்காரர், யாழ்ப்பாணமும் மன்னாரும் கலந்த கூட்டம். பிறந்ததிலிருந்து விளையாடியது கிரிக்கெற். மூன்று வருடத்துக்கு முன் மைதானம் கேட்டு விண்ணப்பம் நிரப்பியவர் தேவதாசன். பிரெஞ்சுப் படிவத்தில் கிரிக்கெற்றுக்கான கட்டத்தைத் தேடிக் களைத்து, கடைசியில் பேஸ்போலுக்கு எதிரே புள்ளடி போட்டார். மைதானம் கிடைத்தால் போதும், உள்ளே போய் என்ன விளையாடுகிறோம் என்று யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்பது அவருடைய யோசனை. இரண்டு கிழமையில் லீக் ஒன்றிலிருந்து இருபது ஆட்டங்களின் அட்டவணை வந்தது. முதலாவது ஆட்டத்துக்கு எதிரணி பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டது. வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது மரியாதையில்லை என்று இவர்களும் விளையாடினார்கள். இருபத்திரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். பிறகு விட மனம் வரவில்லை.

கழகத்தில் மொத்தம் பதினொரு பேர். அதில் ஏழு பேர் நிர்வாகிகள், மிச்ச நான்கு பேர் பொதுச்சபை. தலைவர் தேவதாசன். செயலாளர் டெனிஸ்டன், தேவதாசனின் மனைவி றொசானாவின் தம்பி.

டெனிஸ்டன் நல்ல பெடியன். ஆனால் நேரத்துக்கு வந்த சரித்திரம் இல்லை. ஆட்டம் ஒரு மணிக்கு என்றால் ஒன்றேகாலுக்கு வந்து, காரிலிருந்து இறங்கும்போதே கையில் கோப்பியோடு இறங்குவான். போன பருவம் முழுக்க அவன் அடித்தது இரண்டே ஹிட். இந்தத் தடவை அதுவும் வராது என்பது தேவதாசனின் கணக்கு. இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டுமென்று சித்திரை மாதக் கூட்டத்தில் தேவதாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: ஒரு பருவத்தில் ஒரு ஹிட்டாவது அடிக்காதவர் அடுத்த பருவம் விளையாட மாட்டார், போஷகர் ஆவார். எங்கள் சங்கங்களில் ஒருவரையும் வெளியேற்றும் வழக்கம் இல்லை. போஷகர் ஆக்கிவிடுவோம். போஷகருக்கு முன்வரிசையில் கதிரை உண்டு, ஆண்டு விழாவில் பொன்னாடை உண்டு, அதற்குப் பிறகு அவரிடம் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அறிக்கைப் புத்தகத்தில் அழகான கையெழுத்தில் அதை எழுதியவன் செயலாளர் டெனிஸ்டன்.

பிறகு பருவம் தொடங்கியது. டெனிஸ்டன் பதினைந்து நிமிடம் பிந்தி வந்து, கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டத்துக்கு இரண்டு ஹிட் வீதம் அடிக்கத் தொடங்கினான்.

தேவதாசன் நேரத்துக்கு வந்து கொண்டிருந்தார்.

போஷகர் பதவியில் அப்படி என்ன பயம் என்று கேட்கலாம். கிழமையில் ஐந்து நாள் தேவதாசன் மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் இழுக்கும் லொறி ஓட்டுகிறார். வாயிலில் வரிசை நிற்கும்போது அவரைக் கூப்பிடுவது லொறியின் இலக்கத்தைச் சொல்லி. வீட்டில் அவரை அப்பா என்றும் இஞ்சாருங்கோ என்றும் கூப்பிடுவார்கள். அவருடைய முழுப் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கிற ஒரே இடம் பேஸ்போல் மைதானம். ஆட்டம் தொடங்க முன் ஒன்பது பெயரும் வாசிப்பார்கள். ஒன்பதாவதாகத்தான் வரும், அதுவும் "தெவதஸ்ஸோன்" என்று பிரெஞ்சு மூக்கால் வரும். வந்தாலும் வரட்டும், அது வாசிக்கப்படும்போது தொப்பியைத் தொட்டு ஒரு அடி முன்னால் வைக்க வேண்டும். ஐம்பத்துநான்கு வயதில் அந்த ஒரு அடியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

பதினேழு ஆட்டம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது துரோவா-ரிவியேரில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று ஆட்டம். மூன்றில் ஒரே ஒரு ஹிட். அவ்வளவுதான் தேவை.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதினொன்றுக்கு மூன்று என்று தோற்றார்கள். அந்த ஊர் அணிக்குப் பந்து வீசியவனுக்கு மீசை அரும்பி இரண்டு வருடம் இருக்கலாம். தேவதாசன் அவனை மூன்று தடவை சந்தித்தார். முதல் தடவை பந்தைப் பார்க்காமல் மட்டையை வீசினார். இரண்டாவது தடவை பார்த்துக்கொண்டே நின்றார். மூன்றாவது தடவை பார்த்து வீசினார், ஆனால் அந்த இரண்டு வேலைக்கும் நடுவில் பந்து போய்விட்டது. வாங்கில் வந்து இருந்தபோது, துறைமுகத்தில் வேலை செய்தால் இப்படித்தான், கப்பல் வேகத்துக்குத்தான் கை வருகுது என்று தானே சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள், கொஞ்சம் கவனமாக.

சனிக்கிழமை நிலைமை மாறியது. நீர்நாய்கள் ஆறுக்கு ஐந்து என்று வென்றார்கள், அதில் நான்கு ஓட்டம் டெனிஸ்டனின் மட்டையால் வந்தது. ஐந்தாவது சுற்றில் தேவதாசன் ஒரு பந்தை உயரத்துக்கு அடித்தார். மேலே, இன்னும் மேலே, கோயில் கோபுரத்தைப் பார்ப்பது போல எல்லாரும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. இதை ஒரு குழந்தையும் பிடித்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. வெறுப்பில் மட்டையைக் கீழே எறிந்துவிட்டு, சந்தைக்குப் போகிறவர் போல முதலாம் பேஸுக்கு நடந்தார். களத்தில் நின்றவன் இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, பிறகு விட்டுவிட்டான். தேவதாசன் பேஸில் நின்றார். பருவத்தில் முதல் தடவை அங்கிருந்து மைதானத்தைப் பார்த்தார். புல்லெல்லாம் வேறு பச்சையாக இருந்தது.

ஆட்டம் முடிந்து ஆற்றோரக் கடையில் பூட்டீன் என்ற உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிடும்போது அவர் மகளின் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தார். கொஞ்ச நேரம் உருளைக்கிழங்கின் தரத்தைப் பற்றிக் கதைத்தார். பிறகு வெயிலைப் பற்றிக் கதைத்தார். வெயிலிலிருந்து விஷயத்துக்கு வந்தார்.

"அந்தப் பெடியனுக்கு வெயில் கண்ணுக்குள்ள அடிச்சது, பிள்ளை. அது ஒருத்தராலும் பிடிக்கேலாத பந்து. அதை ஹிட் எண்டுதான் போடோணும்."

"அவர் ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டுத்தானே விட்டவர், அப்பா. அது எரர், ஹிட் இல்லை."

"வெயில்..."

"வெயில் அவருக்கு முதுகுப் பக்கம்."

முன்னால் இருந்த டெனிஸ்டன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தான். எழுதி விடு பிள்ளை, இதையெல்லாம் ஆர் வந்து பாக்கப் போகினம் என்று மருமகளிடம் மெதுவாகச் சொன்னான். அனோஜினி புத்தகத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நான் பாத்தனான், மாமா," என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது. தேவதாசனுக்கு மகளின் பிடிவாதம் பெரிதாக உறைக்கவில்லை. அது தாய் வழியில் வந்த வருத்தம், பழகிவிட்டது. டெனிஸ்டன் பரிந்து பேசியதுதான் உறைத்தது. யாரை இருத்துவதற்கென்று சட்டம் போட்டாரோ அவனே வந்து கை கொடுக்கிறான். பூட்டீனில் பாதியை மிச்சம் வைத்தார்.

வெளியே போய் றொசானாவுக்குப் போன் எடுத்து, வென்ற செய்தியைச் சொன்னார். மற்றதையும் சொன்னார். அவள் பெரிதாக ஆறுதல் சொல்லவில்லை. என்ர தம்பியை இருத்தத்தானே உந்தச் சட்டம் கொண்டு வந்தனீங்கள், இப்ப நீங்களே போய் இருங்கோ, முன்வரிசைதானே, காலுக்கும் நல்லது என்றாள். ஒழுங்குக்காகக் கொண்டு வந்த சட்டம் என்றுதான் அவர் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் அதை ஒரு நாளும் நம்பவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி. பெயர் வாசித்தார்கள். "தெவதஸ்ஸோன்." ஒரு அடி முன்னால் வைத்தார். இன்றைக்கு அதைக் கொஞ்சம் பெரிய அடியாக வைத்தார்.

ஆறு சுற்று முடிய நான்குக்கு நான்கு. இந்த லீக்கில் ஏழு சுற்றுத்தான். வெளியூர் அணி முதலில் அடிக்கும் என்பதால் ஏழாவதில் நீர்நாய்களுக்குக் கடைசி வாய்ப்பு. இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் அவுட் ஆனால் அவர்களுடைய முறை முடிந்துவிடும். மூன்றாம் பேஸில் டெனிஸ்டன் நிற்கிறான், இன்னும் தொண்ணூறு அடி ஓடினால் ஒரு ஓட்டம். மட்டை பிடிக்கும் முறை யாருடையது என்று பார்த்தால் ஒன்பதாவது ஆள். வாங்கில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் முகத்தில் தெரிந்துவிடும்.

முதல் பந்துக்கு மட்டையை வீசித் தவறவிட்டார். இரண்டாவதை அடிக்காமல் விட்டார், அது நல்ல பந்து என்று நடுவர் சொன்னார். இன்னும் ஒன்றைத் தவறவிட்டால் அவுட். மூன்றாவது பந்து உள்ளே வந்தது. கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் தாழ்வாக, அவர் பதினாறு வயதில் பாடசாலை மைதானத்தில் தடுத்து விளையாடிய பந்துகளைப் போல வந்தது. அவர் யோசிக்கவில்லை. முழங்கையை உயர்த்தி, தலையைக் குனிந்து, மட்டையைக் கொடுத்தார். பந்து மூன்றாம் பேஸ் பக்கமாக, ஒருவருக்கும் அவசரமில்லாத மாதிரி உருண்டு போனது. அங்கே நின்றவன் தூரத்தில் நின்றான். அவன் ஓடி வந்து, குனிந்து, எடுத்து, எறிய வேண்டும். இதெல்லாம் நடந்து முடிய நேரம் இருந்தது. ஐம்பத்துநான்கு வயதுக்காரருக்கும் போதுமான நேரம்.

தேவதாசன் ஓடினார். அவருடைய உடம்பு அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. டெனிஸ்டன் மற்றப் பக்கத்தால் ஓடி வந்து, அடிக்கிறவர் நிற்கும் இடத்திலுள்ள வீட்டுத்தட்டை மிதித்துவிட்டான். இவர் முதலாம் பேஸை நெருங்கினார். இரண்டு எட்டு இருக்கிறது, ஒன்றரை எட்டு இருக்கிறது. அந்த இடத்தில், முப்பத்தெட்டு வருடமாக உடம்பில் ஊறிய ஒரு பழக்கம் அவருக்காக முடிவெடுத்தது. அவர் குனிந்து, கையை முழு நீளத்துக்கும் நீட்டி, கையிலிருந்த மட்டையின் நுனியைப் பேஸின் மேல் அழுத்தி வைத்து, அப்படியே நின்றார்.

கிரிக்கெற்றில் இது போதும். மட்டை கோட்டைத் தாண்டி நிலத்தைத் தொட்டால் ஆள் வந்து சேர்ந்த மாதிரி. எந்த நடுவரும் கேள்வி கேட்க மாட்டார். பேஸ்போலில் மட்டை மனிதனுக்குப் பதிலாகாது. மனிதன்தான் வர வேண்டும். அடித்த உடனே மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று கழகத்தின் மற்றப் பத்துப் பேருக்கும் மூன்று வருடமாகச் சொல்லிக் கொடுத்தவர் தேவதாசன்தான். சொல்லிக் கொடுத்தவருக்கு மட்டும் ஓடிப் பார்க்கச் சந்தர்ப்பம் வரவில்லை. நேற்று மட்டையை எறிந்தது வெறுப்பில். இன்றைக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது, நம்பிக்கை வந்ததும் கை மட்டையை விடவில்லை.

அவர் குனிந்தபடி, வென்றுவிட்டோம் என்று தலையை நிமிர்த்தியபோது, பந்து வந்து முதலாம் பேஸ்காரனின் கையுறைக்குள் விழுந்தது. அவன் காலைப் பேஸில் வைத்திருந்தான். தேவதாசனின் கால் ஒரு மட்டை நீளம் பின்னால் இருந்தது. நடுவர் அந்த மட்டையையும் அந்தக் காலையும் மாறி மாறிப் பார்த்தார். தன் தொழிலில் இப்படியொன்றை அவர் கண்டிருக்க மாட்டார். பிறகு கை முஷ்டியை மடக்கி உயர்த்தினார். மூன்றாவது அவுட். அடித்தவரே முதலாம் பேஸுக்கு வந்து சேராமல் மூன்றாவது அவுட் ஆனால், டெனிஸ்டன் ஓடிய ஓட்டமும் செல்லாது.

அந்த முதலாம் பேஸ்காரன் நல்ல மனிதன். தேவதாசனைத் தோளில் பிடித்து நிமிர்த்திவிட்டு, மட்டையால் நிலத்தைத் தொட்டது ஏதாவது வழிபாடா என்று பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்டான். தேவதாசன் ஓம் என்று தலையாட்டினார். அந்த நேரத்தில் அதுதான் சுருக்கமான பதில்.

அதே சுற்றின் மறு பாதியில் ஊர்க்காரர் ஒரு ஓட்டம் எடுத்து ஐந்துக்கு நான்கு என்று வென்றார்கள். வெளியூர்த் தொடர், ஒன்றுக்கு இரண்டு.

கழகத்தின் யாப்பு விதிகளின்படி கடைசி ஆட்டம் முடிந்த அன்றே ஆண்டுப் பொதுக்கூட்டம் வைக்க வேண்டும். வரும் வழியில் பெர்த்தியே என்ற ஊரில் ஒரு கோப்பிக் கடையின் வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தினார்கள். பின்னேர வெயில் நல்ல வெளிச்சமாக இருந்தது. கோப்பியும் ஒரு பெட்டி டோனட்டும் வந்தன. தலைவரே தீர்மானம் முன்மொழியக் கூடாது என்பது முறை. ஆகையால் தேவதாசன் தலைமையை உப தலைவர் செபமாலை அண்ணையிடம் ஒப்படைத்தார். செபமாலை அண்ணை அடிக்கிறவருக்குப் பின்னால் பந்து பிடிக்கக் குந்தியிருந்து முழங்கால் வீங்கி, வாகனத்தின் பின்கதவைத் திறந்து, காலை நீட்டி, பனிக்கட்டிப் பையோடு இருந்தார். இருந்த இடத்திலிருந்தே கூட்டத்தைத் தொடக்கி வைத்தார்.

அனோஜினி பருவத்தின் புள்ளிகளை வாசித்தாள். அப்பாவின் வரியை மற்ற வரிகளைப் போலவே, ஒரே குரலில் வாசித்தாள். ஐம்பதுக்குப் பூச்சியம்.

தேவதாசன் எழும்பி நின்று தொண்டையைச் செருமினார். சித்திரைத் தீர்மானத்தின்படி தலைவர் தேவதாசன் அடுத்த பருவத்திலிருந்து போஷகராக நியமிக்கப்பட வேண்டுமென்று முன்மொழிந்தார். அவருடைய குரல் ஒலிபெருக்கியில் வாசிப்பது போல இருந்தது.

வழிமொழிய ஆள் வேண்டும். ஒருவருக்குத் திடீரென்று சப்பாத்து நூல் அவிழ்ந்தது. இன்னொருவர் கோப்பி மூடியில் எழுதியிருந்ததை வாசித்தார். செபமாலை அண்ணைக்கு முகத்தில் சந்தோசம் வந்தது. வழிமொழிய ஆளில்லாவிட்டால் தீர்மானம் தானாக விழுந்துவிடும், அதுவும் யாப்பில் உண்டு, வேறு விஷயத்துக்குப் போவோம் என்றார்.

தேவதாசனுக்குக் கோபம் வந்தது. இந்த மூன்று நாளில் வராத கோபம். இதே இடத்தில் டெனிஸ்டன் நின்றிருந்தால் வழிமொழிய நான்கு கை உயர்ந்திருக்கும். முதலாவது கை தன்னுடையதாக இருந்திருக்கும். தலைவருக்கு மட்டும் சட்டம் இல்லை என்றால், இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் எந்த முகத்தோடு அந்த அடியை முன்னால் வைப்பது?

"டெனிஸ்டன், நீ வழிமொழி."

"நானோ?"

"நீதான். உனக்கெண்டுதான் நான் உந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தனான்."

சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருந்தவர் கட்டுவதை நிறுத்தினார். டெனிஸ்டன் கோப்பியை ஒரு வாய் குடித்தான்.

"தெரியும், அத்தான். எழுதினது நான்தானே. எழுதேக்கயே விளங்கினது."

"பேந்து ஏன் வாய் திறக்கேல்லை?"

"என்னத்தைச் சொல்ல? நான் நேரத்துக்கு வாறேல்லைத்தானே."

தேவதாசன் வேறு பக்கம் பார்த்தார். வேறு பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டி இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

டெனிஸ்டன் எழும்பினான். வழிமொழியிறன், ஆனால் ஒரு திருத்தத்தோடு என்றான். முதலாம் பேஸுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடு போட்டு ஒரு பெட்டி இருக்கிறது. அடிக்கும் அணியின் ஆள் ஒருவர் அதற்குள் நின்று, ஓடி வருகிறவருக்கு வழி சொல்லலாம். எல்லா அணிக்கும் ஆள் நிற்கிறது. நீர்நாய்களுக்கு மட்டும் மூன்று வருடமாக அந்தப் பெட்டி வெறுமையாகக் கிடக்கிறது, விளையாடாமல் சும்மா நிற்க ஒருவரும் சம்மதிக்காததால். போஷகர் முன்வரிசைக் கதிரையில் இருக்காமல் அந்தப் பெட்டிக்குள் நிற்க வேண்டும். இதுதான் திருத்தம்.

"இண்டைக்கு அந்த இடத்தில ஒரு ஆள் நிண்டிருந்தா, 'மட்டையைப் போடு' எண்டு கத்தியிருப்பார், அத்தான். நாங்கள் வெண்டிருப்பம். எங்கட ஆக்களில அரைவாசிப் பேர் இப்பவும் மட்டையோடதான் ஓடுறவை. அடிக்கிற பந்து தூரப் போறதால தப்புகினம்."

தேவதாசன் மகளைப் பார்த்தார்.

"அதில நிண்டா பேர் வாசிப்பினமோ?"

அனோஜினிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "வாசிக்க மாட்டினம், அப்பா. ஆனா கழகச் சேட் போடோணும். அது கட்டாயம்."

அவர் போட்டிருந்த சேட்டைக் குனிந்து பார்த்தார். முன்பக்கமெல்லாம் மண். மட்டையை ஊன்றியபோது பட்ட மண்ணாக இருக்க வேண்டும். சரி என்றார். செபமாலை அண்ணை வாக்கெடுப்புக்கு விட்டார். எல்லாக் கையும் உயர்ந்தது, தேவதாசனுடையதும். டெனிஸ்டன் வாகனத்தின் பொனற்றில் அறிக்கைப் புத்தகத்தை வைத்து, அதே அழகான கையெழுத்தில் எழுதினான்.

கூட்டம் கலைய வேண்டியதுதான். ஆனால் தேவதாசன் கலையவில்லை. காலியான டோனட் பெட்டியைக் கால்களால் மிதித்துத் தட்டையாக்கி, தரிப்பிடத்தின் மூலையில், கார் எதுவும் நிற்காத இடத்தில் கொண்டுபோய் வைத்தார். அதற்குப் பக்கத்தில், ஒரு எட்டுத் தள்ளி, நின்றார். செபமாலை அண்ணையைத் தவிர எல்லாரையும் மட்டையோடு அந்தப் பக்கத்து வேலிக்குப் போகச் சொன்னார். அடிப்பது போலக் காட்டி, மட்டையைப் போட்டுவிட்டு, ஓடி வந்து பெட்டியைக் காலால் மிதிக்க வேண்டும். ஒவ்வொருவராக. இப்பவே.

களைத்துப்போய் நின்ற ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு போனார்கள். கோப்பிக் கடையிலிருந்து வெளியே வந்த ஒரு குடும்பம் காரில் ஏறாமல் நின்று பார்த்தது.

டெனிஸ்டன் முதலாவதாக ஓடி வந்தான். மட்டை பின்னால் விழுந்து கிடந்தது. தேவதாசன் தலையாட்டினார். இரண்டாவது ஆளும் சரி. மூன்றாவதாக, முழங்காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு, ஒருவரும் கேட்காமலே செபமாலை அண்ணை நொண்டி நொண்டி வந்தார்.

"மட்டை, அண்ணை, மட்டையைப் போடுங்கோ!"

செபமாலை அண்ணை முன்னால் குனிந்து, கையை நீட்டி, மட்டையின் நுனியால் டோனட் பெட்டியைத் தொட்டுவிட்டு, மிகுந்த திருப்தியோடு நிமிர்ந்தார்.

"திரும்பப் போங்கோ," என்றார் தேவதாசன்.